பூட்டிய மொழியும் பொதுத் தரவும்

“தரவுத்தளம் விண்டோஸிலே உள்ளது, வலைநிரலோ லினக்ஸிலே ஓடுவது, இரண்டும் ஒத்துவரா” என்னும் கூற்றுக் கணினித் துறையில் நெடுங்காலமாக வழங்கி வருவது. சொல்வோர் அதனை இயற்கை நியதிபோற் சொல்வர். கேட்போரும் அவ்வாறே ஏற்பர். எண்ணெயும் நீரும் கலவாமை இயற்கை. இரு பணிசெயல் முறைமைகள் தம்முட் பேசாதிருத்தல் இயற்கையன்று. சிலர் செய்த ஏற்பாடு. இவ்வேறுபாட்டை உணராதவரை, பிறர் பூட்டிய கதவைச் சுவரென மயங்கியே நிற்போம்.

வலைநிரலொன்று தரவுத்தளத்தை நாடும்போது நிகழ்வது யாது? வலையமைப்பின் வழியே ஓர் இணைப்பு ஏற்படுகின்றது. அதிலே பைற்றுகளின் வரிசையொன்று வினாவாகச் செல்கின்றது. மற்றொன்று விடையாகத் திரும்புகின்றது. அவ்வரிசையை அனுப்பியது எந்தப் பணிசெயல் முறைமை எனப் பெறும் பக்கம் அறியவேண்டுவதில்லை. வேண்டுவது, எந்தப் பைற்று எதனைக் குறிக்கும் என்னும் உடன்பாடு மாத்திரமே. நெறிமுறை என்பது அதுவே. அது வெளியிடப்பட்டிருப்பின் எவரும் இணைப்பு மென்பொருளை ஆக்கலாம். மறைக்கப்பட்டிருப்பின் உரிமையாளரின் இரக்கத்திற்குக் காத்திருக்கவேண்டும்.

எஸ்.கியூ.எல். சேர்வரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. அது பேசும் டி.டி.எஸ். என்னும் நெறிமுறை 1980களில் சைபேஸ் நிறுவனத்திலே தோன்றி, மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் கைக்கும் வந்தது. மைக்ரோசொப்ற் தன் நெறிமுறையின் விளக்கத்தை வெளியிடாதிருந்த 1990களின் பிற்பகுதியிலே, பிரீ டி.டி.எஸ். என்னும் மென்பொருளை ஆக்கியோர் வலையமைப்பிற் செல்லும் பைற்றுகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் பொருளை உய்த்துணர்ந்தனர். லினக்ஸில் ஓடிய பி.எச்.பி. நிரல்கள் பல, நெடுங்காலம் அவ்வுழைப்பையே நம்பியிருந்தன.

2004ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்ரோசொப்ற்றுக்கு 49.7 கோடி யூரோ தண்டம் விதித்தது. பிறர் மென்பொருள் இணைந்து இயங்குதற்கு வேண்டிய தகவலை அளிக்குமாறும் பணித்தது. அத்தீர்ப்புத் தரவுத்தளத்தைப் பற்றியதன்று. அலுவலகச் சேவையகங்களைப் பற்றியது. எனினும், 2007இல் நீதிமன்றம் அதனை உறுதிசெய்த பின்னர், 2008இல் அந்நிறுவனம் தன் நெறிமுறைகளை வெளியிடத் தொடங்கியபோது, எஸ்.கியூ.எல். சேர்வரின் நெறிமுறையும் வெளிவந்தது. 2017இல் அத்தரவுத்தளமே லினக்ஸில் ஓடலாயிற்று. ஒத்துவரா எனப்பட்டவை ஒரே பொறியிற் குடியேறின. இடையில் இயற்கை மாறிற்றா? மாறியது வணிகக் கணக்கே.

ஓ.டி.பி.சி. போன்ற பொது இடைமுகம் 1992 முதலே இருந்ததே எனச் சிலர் வாதிப்பர். அது நிரல் தன் வேண்டுகோளை விடுக்கும் முறையைப் பொதுமைப்படுத்தியது. வலையமைப்பிற் செல்லும் பேச்சை அன்று. அதன் அடியில் ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் தனி இயக்கி வேண்டும். நெறிமுறை மறைவாயிருப்பின் அவ்வியக்கியை எழுதுவது யார்? இதற்கு மாறாக, போஸ்ற்கிறெஸ் தன் நெறிமுறையைத் தன் கைந்நூலிலேயே விளக்குகின்றது. அதனால், பிற தரவுத்தளங்களை ஆக்கியோரும் அந்நெறிமுறையையே மேற்கொண்டுள்ளனர்.

அனைத்தையும் ஒரே நிறுவனத்திடம் வாங்கினால் தொல்லையில்லை என்பது மற்றொரு வாதம். இன்றைக்கு அது வசதியே. ஆயின் மென்பொருள் பத்தாண்டில் மாறும். மாணவர் பெறுபேறும் காணி உறுதியும் நோயாளர் பதிவேடும் தலைமுறைகள் கடந்து வேண்டப்படும். அவற்றை அணுகும் மொழி ஒருவரது உடைமையாயின், பொதுமக்களின் பதிவேடு அவரிடம் அடகு வைத்த பொருளாகின்றது.

தமிழர்க்கு இது இன்னும் நெருங்கிய விடயம். தமிழ்க் குறியொன்று யு.ரி.எப்.-8 முறையில் 3 பைற்றுகள், யு.ரி.எப்.-16 முறையில் 2 பைற்றுகள். லினக்ஸிலுள்ள நிரல் பெரும்பாலும் முன்னதை அனுப்பும், எஸ்.கியூ.எல். சேர்வரின் யுனிகோட் நிரல்கள் பின்னதிலே சேமிக்கும். இடைநிற்கும் மென்பொருள் இரண்டையும் சரிவர மாற்றாவிடின், ஒருவரின் பெயர் வினாக்குறிகளின் வரிசையாகிவிடும். எவ்விடத்தில் எழுத்துச் சிதைந்ததென ஆராய்வதற்கும் வெளிப்படையான நெறிமுறையே துணை.

குற்றம் முழுவதும் நிறுவனங்களதே அன்று. விண்டோஸில் எழுதிய நிரல், அட்டவணைப் பெயரை ஓரிடத்திற் பெரிய எழுத்தாலும் ஓரிடத்திற் சிறிய எழுத்தாலும் குறிக்கும். மைஎஸ்கியூஎல் அங்கே அதனைப் பொறுக்கும். லினக்ஸிலே வழமையான அமைப்பிற் பொறுக்காது. இத்தகைய கவலையீனத்தையும் “ஒத்துவரா” என்னும் போர்வையால் மூடுகின்றோம்.

ஆதலின் பல்கலைக்கழகங்கள் இரண்டைச் செய்தல் வேண்டும். நெறிமுறை வெளியிடப்படாத தரவுத்தளத்தைப் பொதுப்பணத்தில் வாங்க மறுத்தல் ஒன்று. இணைப்பின் அடியிற் செல்லும் பைற்றுகளை மாணவர் தம் கண்ணாற் கண்டு கற்கச் செய்தல் மற்றொன்று. அவற்றைக் கண்ட மாணவன் “ஒத்துவரா” என்று அமையான். யார் ஒத்துவரவிடவில்லை என்று வினவுவான்.