மரக்காலுக்கு முத்திரை உண்டு, மானிக்கு?

நூற்றுக்கு 17. இந்த எண்ணை அறியாத குடியானவன் காவிரிப் படுகையில் இல்லை. மத்திய அரசாங்கத்துக்காகக் கொள்முதல் செய்யும் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 17 பங்குக்கு மேற்படலாகாது என்பது விதி. அறுவடைக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டால், இந்த 17-ஐ 22 ஆக உயர்த்துங்கள் என்று சென்னையிலிருந்து தில்லிக்குக் கடிதம் வருகிறது; தில்லியிலிருந்து ஆய்வுக் குழு புறப்பட்டுப் போகிறது; மாதிரி எடுக்கிறது; பத்திரிகைகள் தலையங்கம் தீட்டுகின்றன. இவையெல்லாம் முடிவதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளை கட்டிவிடுகிறது.

17 நியாயமா, 22 நியாயமா என்னும் வழக்கில் நான் இங்கே புகப்போவதில்லை. அதற்கு முந்திய கேள்வி ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது. உன் நெல்லில் ஈரம் இவ்வளவு என்று தீர்ப்புச் சொல்கிறதே ஒரு சிறு பெட்டி, அந்தப் பெட்டியைச் சோதித்தவர் யார்? எப்பொழுது சோதித்தார்? எந்த நெல்லைக் கொண்டு சோதித்தார்?

விதியே வீண் என்று சொல்வோர் நம் சங்கத்திலும் உண்டு. விடுதிச் சாப்பாட்டு மேசையில் அவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஈரநெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் அது மூச்சுவிட்டுச் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும், ஆலையில் நொறுங்கும். ரேஷன் கடையில் அந்த அரிசியை வாங்குகிறவளும் ஏழைதான். ஆகவே வரம்பு வேண்டும். ஆனால் வரம்பு என்று ஒன்று இருந்தால், அதை அளக்கும் கோலும் நேராக இருக்க வேண்டும் அன்றோ?

சென்ற தை மாதம் விடுமுறைக்கு மன்னார்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பாவின் சம்பா நெல் கொள்முதல் நிலையக் களத்தில் கிடந்தது. பட்டியல் எழுத்தர் ஒரு கை நெல்லை அள்ளி மானியில் போட்டார். 18.4 என்று காட்டியது. அன்று மாலை அதே குவியலிலிருந்து எடுத்த நெல்லை ஒரு வியாபாரியின் மானியில் போட்டுப் பார்த்தோம், 16.9. சித்தப்பா ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, “காஞ்சுதாம்ப்பா இருக்கு” என்றார். மறுநாள் எழுத்தரிடம் போய்ச் சொன்னபோது, “அண்ணே, மிஷின் காட்டுறதை நான் எப்படி மாத்தி எழுதுறது? நாளைக்கு ஆடிட்டுல என் தலையில விழும்” என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. இரண்டு மானியில் எது மெய் சொல்லிற்று? எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அந்த இடத்தில் வழியும் இல்லை. நெல் இன்னும் நான்கு நாள் களத்திலேயே கிடந்தது.

அதே மேசைமேல் மின்னணுத் தராசு ஒன்றும் இருந்தது. அதில் முத்திரை இருந்தது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன்கீழ் 2011-இல் வகுத்த பொது விதிகளும் அத்தகைய தராசை 12 மாதத்துக்கு ஒருமுறை மறுசோதனைக்கு உட்படுத்துகின்றன. முத்திரையில்லாத தராசில் நிறுத்தால் குற்றம். மானியின்மேல் எத்தகைய முத்திரையும் என் கண்ணில் படவில்லை. தராசு அரைக் கிலோ தவறினால் ஊரே கூடிவிடும். மானி ஒரு பங்கு தவறினால் ‘மழை வருஷம்’ என்று சொல்லி வானத்தைப் பார்க்கிறோம்.

அந்த ஒரு பங்கின் விலை என்ன? கணக்குப் போடலாம். மெய்யாகவே 17 ஈரமுள்ள நெல்லை, மானி 18 என்று காட்டுவதால், 16 ஆகும்வரை காயவைக்கிறான் ஒருவன். 1,000 கிலோவில் உலர்ந்த பொருள் 830 கிலோ. ஈரம் 16 ஆனதும் மொத்த எடை 988 கிலோவாகிறது. 12 கிலோ காற்றில் போயிற்று. 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசாங்கம் சாதாரண நெல்லுக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ. 2,369, அந்தக் கணக்கில் டன்னுக்கு ரூ. 284 நஷ்டம். 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காயவைக்கும் கூலியும் காத்திருக்கும் நாளும் இந்தக் கணக்கில் சேரவில்லை. மானி எதிர்ப்பக்கம் தவறினாலோ, ஈரநெல் கிடங்குக்குள் போகும். அந்த நஷ்டம் பொதுமக்கள் தலையில் விழும்.

பௌதிகம் படிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். தராசைச் சோதிப்பது எளிது. மானியைச் சோதிப்பது எளிதன்று. 20 கிலோ இரும்புக் கல் இன்றும் 20 கிலோ, நாளையும் 20 கிலோ. ‘17 ஈரம்’ என்று ஒரு கல்லை வார்த்து வைக்க முடியாது. மானி ஈரத்தை நேரே அளப்பதும் இல்லை. நெல்லினூடே மின்சாரத்துக்கு உள்ள தடையையோ, இரு தகடுகளுக்கு இடையே நெல்லைக் கொட்டினால் மின்தேக்கத்தில் உண்டாகும் மாறுதலையோ பார்த்து, ஈரம் இவ்வளவு இருக்கலாம் என்று ஊகிக்கிறது. நெல்லின் சூடு மாறினால் ஊகமும் மாறும். தளரக் கொட்டினால் ஒன்று, குலுக்கிக் கொட்டினால் ஒன்று. மேலே மழை நனைத்து உள்ளே காய்ந்த நெல்லும், மேலே வெயில் காய்ச்சி உள்ளே ஈரமான நெல்லும் தடை பார்க்கும் மானியை வெவ்வேறு பக்கம் ஏமாற்றும். பருத்துக் குட்டையான சி.ஆர். 1009-க்கும், பஞ்சாபில் விளையும் பி.ஆர். 126-க்கும் ஒரே அளவுத்திட்டம் பொருந்தும் என்று எவரும் ஆணையிட முடியாது. பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பார்ப்பதற்கு வழியும் ஏட்டிலேயே இருக்கிறது. கொள்முதல் விதிகளே சுட்டும் இந்தியத் தரம் 4333-இன் இரண்டாம் பகுதி அதுதான். நெல்லை அரைத்து, நிறுத்து, 130 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்து, மறுபடி நிறுத்தால், குறைந்த எடையே ஈரம். அடுப்பு ஊகிப்பதில்லை. ஆக, மானிக்கு மூலம் அடுப்பு. அந்த மூலத்தோடு ஒவ்வொரு நிலையத்து மானியையும் ஒப்பிட்டு வைப்பதே சோதனை விதியின் உயிர்.

மூலத்தோடு ஒப்பிடுவது நமக்குப் புதிதும் அன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்கால் வருகிறது. அதைச் சும்மா மரக்கால் என்று பொறித்து விடவில்லை. ‘இராசகேசரி’ என்னும் மரக்காலோடு ஒக்கும் என்றும் சேர்த்துப் பொறித்தார்கள். எந்த அளவு எந்த அளவுக்குச் சமம் என்பதைக் கல்லில் வெட்டி வைத்த ஊர்க்காரன், இன்று தன் நெல்லை அளக்கும் பெட்டி எதோடு ஒக்கும் என்று அறியாமல் நிற்கிறான். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை (அதற்கு நம் மலரில் வேறு பக்கங்கள் உண்டு!).

அயல்நாட்டில் எப்படி? அமெரிக்காவின் கூட்டாட்சி விதித்தொகுப்பில் ஏழாம் தலைப்பின் 801ஆம் பகுதி தானியச் சோதனைக் கருவிகளுக்கென்றே எழுதப்பட்டது. ஈரமானிக்கு மட்டுமன்று, சல்லடைக்கும், மாதிரியைப் பங்கிடும் கருவிக்கும், எடைச்செறிவு பார்க்கும் பாத்திரத்துக்கும் எவ்வளவு வேறுபாடு பொறுக்கத்தக்கது என்று எண்ணில் எழுதியிருக்கிறார்கள். பணக்கார நாடு என்று தள்ளிவிடலாம். ஆனால் எழுதுவதற்குக் காகிதமும் கவனமும்தானே வேண்டும்?

நம் அரசாங்கமும் அசையாமல் இல்லை. அங்கீகாரம் பெற்ற சோதனை மையங்களைப் பற்றிய 2013ஆம் ஆண்டு விதிகளை 2025-இல் திருத்தி, அம்மையங்கள் சோதிக்கத்தக்க கருவிகளை 18 வகையாக விரித்தார்கள். அப்பட்டியலில் ஈரமானியும் இடம்பெற்றது. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் நகரத்து மையம் ஒன்றில் பெட்டியை மட்டும் சோதித்து ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவதோடு காரியம் முடிந்தால், சித்தப்பாவுக்குப் பயன் இல்லை. சோதனை நெல்லைக் கொண்டு நடக்க வேண்டும். அந்தந்த வட்டாரத்தில் அந்தப் பட்டத்தில் விளைந்த நெல்லில், 17-க்குச் சற்றுக் கீழும் சற்று மேலுமாக மாதிரி எடுத்து, அடுப்பில் அவற்றின் மெய்யான ஈரத்தைக் கண்டு, குறுவைக்கு முன் ஒருமுறையும் சம்பாவுக்கு முன் ஒருமுறையும் எல்லா மானிகளையும் அவற்றோடு ஒப்பிட வேண்டும். தவறும் மானியை மேசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எந்தத் தேதியில் பார்த்தார்கள், எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு காட்டிற்று என்பதைத் தமிழில் எழுதி, வருகிறவன் கண்ணில் படும்படி தொங்கவிட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியம், மறுசோதனை கேட்கும் உரிமை. தீர்ப்பை ஒப்பாத குடியானவன் எதிரிலேயே மாதிரியை இரண்டாகப் பங்கிட்டு, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து அரக்கு வைத்து, ஒன்றை அவனிடம் கொடுத்து, மற்றொன்றை அடுப்புக்கு அனுப்பட்டும். விடை வரும்வரை நெல் தன் வரிசையை இழக்கலாகாது.

“அத்தனை நிலையத்துக்கும் அடுப்புக்கு எங்கே போவது?” என்று இரசாயனம் பயிலும் நண்பர் ஒருவர் கேட்டார். நிலையத்துக்கு நிலையம் வேண்டாம். வட்டத்துக்கு ஒன்று போதும். மின்னடுப்பு, அரைக்கும் கருவி, நுண்தராசு ஆகிய மூன்றும் இல்லாத அறிவியல் கல்லூரி நம் பக்கத்தில் இராது. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெல்லைப் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கெனத் தொடங்கி வளர்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் தஞ்சையிலேயே இருக்கிறது. நாட்டின் மூலக் கிலோகிராமைப் பாதுகாக்கும் தேசியப் பௌதிக ஆராய்ச்சிக்கூடம் இதே தில்லியில், பூசா வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்துக்கு அருகிலேயே நிற்கிறது; அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ஆளும் உண்டு, அறிவும் உண்டு, அடுப்பும் உண்டு. அவற்றைக் களத்தோடு கட்டும் விதிதான் தளர்ந்து கிடக்கிறது.

நம் சங்கத்தில் சட்டம் பயில்வோர் இருக்கிறார்கள். அறுவடைக்கு ஊர் போய் வருவோரும் பலர். எடையளவு இலாகாவுக்கு அனுப்பத்தக்க மனு ஒன்றின் வரைவை அடுத்த மாதக் கூட்டத்துக்கு நான் கொண்டுவருகிறேன். தங்கள் ஊர் நிலையத்து மானியில் சோதனைச் சீட்டு எதையாவது கண்டவர்கள், அதிலுள்ள தேதியைக் குறித்துக்கொண்டு வந்தால் நலம்.