நொண்டும் ஆடும் நிலக்காரர் பொறுப்பும்

ஆட்டுக்கிடையின் அருமையை நமது குடியானவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பிரதேசங்களிலிருந்து மந்தைகள் காவிரிப் பாசன நிலங்களை நாடி வருவதும், நிலக்காரர்கள் கீதாரிகளுடன் பேசி முடித்து இரவுதோறும் வயலில் கிடை மறிப்பதும் நெடுங்கால வழக்கம். ஆயினும், கிடைக்கு இடம் குறிக்கும்போது உரத்தைப் பற்றி யோசிப்பவர் பலர். ஆட்டின் காலைப் பற்றி யோசிப்பவர் சிலரே. மந்தையில் சில ஆடுகள் நொண்டுவது இயற்கையென்றும், அது கீதாரியின் கவலையேயன்றி நிலக்காரர் கவலையன்றென்றும் அநேகர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானதென்பதும், இதனால் இரு திறத்தாரும் நஷ்டமடைகின்றனர் என்பதும் என் அபிப்பிராயம்.

நஷ்டம் எவ்வாறு நேருகிறதென்பதை முதலில் கவனிப்போம். கால் நோவுற்ற ஆடு மந்தையுடன் நடந்து வயிறார மேயமாட்டாது. முன்னங்கால் நொந்ததாயின் மண்டியிட்டு மேயும். நோவு மிகுந்தால் படுத்தே கிடக்கும். தாயாடு இளைத்தால் பால் குறையும். பால் குறைந்தால் குட்டி தேறாது. கிடாய்க்குப் பின்னங்கால் நொந்தால் பெட்டைகள் பருவத்தில் சினைப்படா. மேய்ச்சல் குறைந்த ஆட்டிற்குப் புழுக்கையும் குறையும். ஆகவே, கூலி கொடுத்துக் கிடை மறித்த நிலக்காரர் தமக்குச் சேரவேண்டிய உரத்தில் ஒரு பகுதியை, தாம் அறியாமலேயே இழந்துவிடுகிறார்.

நொண்டுதல் என்பது தனியொரு வியாதியன்று; பல காரணங்களின் அடையாளம். சீமைக்கருவேல் முள் குளம்பிடையில் தைத்திருக்கலாம். களத்தில் சிந்திய நெல்லையோ மக்காச்சோளத்தையோ மிதமிஞ்சித் தின்றதனால் வயிறு புளித்து, குளம்பினுள் அழற்சி கண்டிருக்கலாம். வாயிலும் குளம்பின் மேல்விளிம்பிலும் கொப்புளம் காணப்படின் கோமாரி என்று சந்தேகிக்கவேண்டும். செம்மறியாடுகளில் வாய்ப்புண் லேசாகவே இருப்பதால், பல ஆடுகள் திடீரென்று ஒருங்கே நொண்டுவதே அதன் முதல் அறிகுறியாகலாம். காய்ச்சலுடன் முகமும் உதடும் வீங்கி, குளம்பின் மேல்விளிம்பு சிவந்து, ஆடு முதுகைக் கூனி நடந்தால் அது நீலநாக்கு நோயாகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிறு கொசுப் பூச்சிகள் கடிப்பதால் இது பரவுகிறது. இவ்விரண்டும் வைரஸ்களால் உண்டாவன. இவற்றை வருமுன் தடுக்கத் தடுப்பூசிகள் உள்ளன. முள்ளை எடுத்தால் தீரும் நோவும், ஊர் முழுவதையும் பற்றக்கூடிய கோமாரியும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால், நொண்டும் ஆட்டைப் பிடித்து, காலைத் தூக்கி, குளம்பிடையையும் வாயையும் பார்த்தபின்னரே எந்த முடிவுக்கும் வரவேண்டும்.

ஈரநிலத்து மந்தைகளில் தொடர்ந்து தொல்லை கொடுப்பது குளம்பழுகல் வியாதி. இதற்குக் காரணமான கிருமியை ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜ் என்னும் ஆராய்ச்சியாளர் 1941ஆம் வருஷத்தில் விவரித்து வெளியிட்டார். சேற்றிலும் ஈரத்திலும் குளம்பிடைத் தோல் ஊறிப் புண்படும்போது இக்கிருமி உட்புகுந்து, காற்றுப் புகாத குளம்பின் அடியில் பெருகி, குளம்போட்டைத் தசையிலிருந்து பிரிக்கிறது. அப்போது உண்டாகும் துர்நாற்றமே இதன் தெளிவான அடையாளம். இக்கிருமி வெயில் காயும் மண்ணில் நெடுநாள் பிழைக்கமாட்டாது. நோயுற்ற குளம்பினுள்ளோ மாதக்கணக்கில் தங்கியிருக்கும். எனவே, இவ்வியாதியை வருஷத்துக்கு வருஷம் காப்பாற்றி வைப்பது மண்ணன்று; சிகிச்சை செய்யப்படாத நொண்டி ஆடே.

இதிலிருந்து சிகிச்சையின் முறையும் விளங்கும். நொண்டுதல் கண்ட ஆட்டை அன்றே பிரித்து, கூடியவரை மூன்று நாட்களுக்குள் கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். குளம்பழுகல் என்று அவர் கண்டால், உரிய ஊசியும் குளம்பின்மேல் தெளிக்கும் மருந்தும் கொடுப்பார். ஊசி போட்ட ஆட்டை அவர் குறிக்கும் நாட்கள் கழியுமுன் கசாப்புக்கு விற்கலாகாது. சிலர் அழுகிய குளம்பைக் கத்தியால் இரத்தம் வருமளவு செதுக்குகின்றனர். இது ஆட்டிற்கு வேதனையேயன்றி, புண் ஆறுவதையும் தாமதப்படுத்துமென்று இங்கிலாந்தில் நடந்த பரிசோதனைகள் காட்டியுள்ளன. அந்நாட்டில் 2004ஆம் வருஷத்தில் எடுத்த கணக்கின்படி மந்தையில் நூற்றுக்குச் சுமார் பத்து ஆடுகள் நொண்டின; 2013ஆம் வருஷத்துக் கணக்கில் அது சுமார் ஐந்தாகக் குறைந்தது. தாமதமின்றிச் சிகிச்சை செய்வதும், செதுக்குவதைக் கைவிடுவதும் அங்கே வற்புறுத்தப்பட்டு வந்தன.

பல ஆடுகளுக்குக் கால் நோவு கண்டால் குளம்புக் குளியல் சிலாக்கியமானது. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ வீதம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, ஆழமில்லாத தொட்டியில் ஆடுகளைச் சில நிமிஷங்கள் நிறுத்தி, பின்னர் உலர்ந்த தரையில் விடவேண்டும். சேறு படிந்த காலை முன்னதாகக் கழுவாவிட்டால் மருந்து பலிக்காது. ஆடுகள் இத்தண்ணீரைக் குடித்துவிடாதபடி, தாகம் தீர்த்த பின்னரே தொட்டிக்கு ஓட்டவேண்டும். மயில்துத்தக் கரைசலில் எச்சரிக்கை மிகவும் தேவை. செம்பு நஞ்சு செம்மறியாட்டை எளிதில் கொல்லும்.

இனி, நிலக்காரர் செய்யவேண்டுவன யாவை? முதலாவது, கிடை மறிக்க வயலின் மேடான, உலர்ந்த பாகத்தையே கொடுத்து, ஈரம் காயாத தாக்குகளைப் பின்னாட்களுக்கு ஒதுக்குவது. இரண்டாவது, மந்தை தண்ணீர் குடிக்கும் துறையிலும் பட்டி வாசலிலும் சேறு மண்டாதபடி சரளையோ மணலோ கொட்டுவது. மூன்றாவது, கிடை பேசும்போதே, நொண்டும் ஆடுகளுக்குத் தனிப் பட்டியும் வைத்தியச் செலவில் ஒரு பங்கும் தருவதாக ஒப்புக்கொள்வது. உரத்துக்குக் கூலி கொடுத்தபின் இதுவும் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கோமாரி கண்ட மந்தை வயலில் தங்கினால், அடுத்து நொண்டுவது அந்நிலக்காரரின் உழவு மாடும் கறவை மாடுமே என்பதை நினைத்தால் இக்கேள்விக்கு இடமிராது.

கிராமாதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2009ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, அட்டவணையில் கண்ட நோய் இருப்பதாகச் சந்தேகிக்கும் உடைமைக்காரர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பதும், நோயுற்ற பிராணியைப் பிரித்து வைப்பதும் கடமையாகும். அச்செய்தி கால்நடை வைத்தியருக்கு எழுத்துமூலம் சேரவேண்டும். கோமாரியும் நீலநாக்கும் அவ்வட்டவணையில் அடங்கியவை. ஆனால் நடைமுறையில் காண்பது என்ன? நொண்டும் ஆடு முதலில் போய்ச் சேருமிடம் வைத்தியசாலையன்று, சந்தை. மலிவென்று அதை வாங்குபவர் வியாதியையும் சேர்த்து வாங்குகிறார். செய்தி சொன்னால் மந்தையை ஊரைவிட்டு ஓட்டிவிடுவார்களோ என்னும் அச்சமே கீதாரியை மௌனமாக்குகிறது. சொல்லுபவரை விரட்டுவது வியாதியை அடுத்த ஊருக்கு அனுப்புவதாகும். செய்தி சொன்ன கீதாரிக்கு நோய் தணியுமட்டும் ஒதுக்குப்புறமான மேய்ச்சலும் தண்ணீரும் கொடுக்க ஊரார் முன்வந்தால், மறைக்கும் வழக்கம் தானே மறையும்.

ஏழைக் கீதாரிக்கு வைத்தியச் செலவு கட்டுபடியாகாதென்பது மெய்யே. அதனாலேயே இப்பாரத்தை அவர் தலையில் மட்டும் சுமத்தலாகாதென்கிறேன். ஒரு வண்டி சரளையும், மேடான ஒரு தாக்கும், காலத்தில் அனுப்பும் ஒரு செய்தியும் எந்த மிராசுதாருக்கும் பெருஞ்செலவல்ல. வருகிற தை மாதத்தில் கிடை பேச உட்காரும் நிலக்காரர்கள், இத்தனை ஆடு, இத்தனை இரவு, இத்தனை கூலி என்று கணக்கிடுவதோடு, இத்தனை ஆடு நொண்டுகிறது என்பதையும் கேட்டறிந்து, அதற்கு வேண்டுவதைச் செய்வார்களென்று எதிர்பார்க்கிறேன்.