கணினி விஞ்ஞான மாணவரின் தொழிற்துறைப் பயிற்சி ஆண்டு தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்: சாம்பல்தீவு வாழ் பெற்றோர், பட்டதாரிகள் சங்கத்தார், சாம்பல்தீவு, திருகோணமலை.

பெறுநர்: முதல்வர், திருகோணமலை வளாகம், கிழக்குப் பல்கலைக்கழகம், கோணேசபுரி; பிரதம செயலாளர், கிழக்கு மாகாணம், திருகோணமலை.

பிரதிகள்: தலைவர், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, கொழும்பு, மாவட்டச் செயலாளர், திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

எமது ஊருக்கு அயலிலுள்ள கோணேசபுரியில் திருகோணமலை வளாகம் அமைந்திருப்பதும், அதன் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுவதும் எமக்குப் பெருமை. கடற்தொழிலையும் நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல் வேலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களிலிருந்து இப்போது பிள்ளைகள் இந்தத் துறைக்குப் போகிறார்கள். இங்கேயும் போகிறார்கள், யாழ்ப்பாணம், மொறட்டுவை, கொழும்பு என்று வெளியேயும் போகிறார்கள். எங்கே படித்தாலும், தொழிற்துறைப் பயிற்சிக் காலம் நெருங்கியதும் வீட்டில் ஒரே கேள்விதான் எழுகிறது: கொழும்பில் பிள்ளையை எப்படி வைத்திருப்பது?

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. ஆய்வுகூடமும் நல்ல ஆசிரியரும் எல்லா மாவட்டத்துக்கும் ஒரேயளவில் கிடைப்பதில்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டு செய்த ஏற்பாடு இது. ஆனால் பயிற்சி இடம் தேடும்போது இந்த ஏற்பாடு எதுவும் மாணவனுடன் கூடவருவதில்லை. மென்பொருள் நிறுவனங்களில் பெரும்பாலானவை தெமட்டகொடை, கொள்ளுப்பிட்டி, ராஜகிரிய என்று கொழும்பைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே வீடோ உறவினரோ உள்ள பிள்ளைக்கு இது பஸ்ஸில் போய்வரும் தூரம். எமது பிள்ளைக்கோ இரவுத் தபால் ரயிலேறிப் போய்க் குடியேற வேண்டிய ஊர்.

செலவைச் சற்று விரித்துச் சொல்கிறோம். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ நாலு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்தாலும், உள்ளே போகுமுன் முற்பணமும் முதல் மாத வாடகையும் கையில் வேண்டும். கடைச் சாப்பாடு, பஸ் காசு, டேட்டா, நேர்முகத்துக்குப் போட ஒரு நல்ல சப்பாத்து, பழைய மடிகணினி தாங்காவிட்டால் இன்னொன்று. பயிற்சிக் கொடுப்பனவு கைக்கு வர ஒரு மாதமாவது செல்லும்; சில இடங்களில் கொடுப்பனவே இல்லை. மஹாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டதை நன்றியோடு குறிப்பிடுகிறோம். எனினும் கொழும்பில் அது அறை வாடகைக்கே போதாது. வாடைக் காற்றில் தொழில் படுத்திருக்கும் மாதங்களில் பயிற்சிக்கான அழைப்பு வந்தால், நகையை அடகு வைப்பதா, பிள்ளையை மறிப்பதா என்றுதான் வீட்டில் பேச்சு நடக்கிறது. பெண் பிள்ளையாக இருந்தால் மறிப்பதே அதிகம். இதில் எம்மவரின் தயக்கத்துக்கும் பங்குண்டு. முழுப்பழியையும் அதிகாரிகள் மேல் போட நாம் வரவில்லை.

ஆகவே எமது தலையாய கோரிக்கை, பயிற்சி இடங்களைத் திருகோணமலையிலேயே உருவாக்குங்கள் என்பதாகும். மாகாண சபையின் திணைக்களங்கள் இந்நகரில் இருக்கின்றன. மாவட்டச் செயலகமும் பொது வைத்தியசாலையும் இருக்கின்றன. துறைமுக அதிகாரசபை, சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள், பிரீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து ஆலை என்று கணினி இல்லாமல் ஒரு நாளும் நகராத இடங்கள் பல உண்டு. இவற்றோடு வளாகம் எழுத்திலான உடன்படிக்கை செய்து, ஆண்டுதோறும் இத்தனை மாணவர் என்று முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.

அங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேட்கக்கூடும். ஒன்றை மட்டும் காட்டுகிறோம். அரச அலுவலகங்களில் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ்க் கடிதங்களும் பட்டியல்களும் குவிந்து கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒருவரின் பெயரைத் தேடினால் அகப்படாது. இவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து, மூன்று மொழியிலும் தேடக்கூடிய தரவுத்தளமாக்குவது ஒரு மாணவர் குழுவுக்கு ஆண்டு முழுவதும் போதிய வேலை. நிரல் எழுதுவது, சோதிப்பது, பாவிக்கும் உத்தியோகத்தரின் முறைப்பாட்டைக் கேட்டுத் திருத்துவது எல்லாம் இதற்குள் வந்துவிடும். கொழும்பு நிறுவனமொன்றில் கற்பதிலிருந்து இது எந்த வகையில் குறைந்தது?

பயிலுநர் என்ற பெயரில் பிள்ளைகளைப் போட்டோப்பிரதி எடுக்கவும் எக்செல் நிரப்பவும் இருத்திவிடும் ஆபத்தும் எமக்குத் தெரியும். எனவே ஒவ்வொரு இடத்திலும் மென்பொருள் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத அலுவலகத்துக்கு மாணவரை அனுப்பவே வேண்டாம். விரிவுரையாளர் மாதம் ஒருமுறையேனும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

கொழும்புக்கே போக விரும்புவோரையும் நாம் தடுக்கவில்லை. அவர்களுக்குப் புறப்படுமுன் கையில் கிடைக்கும் ஒரு முற்கொடுப்பனவும், பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி வசதியும் கேட்கிறோம். தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 27,000 ரூபா என 2025 இல் சட்டம் நிர்ணயித்தது. முழுநேரம் வேலைசெய்யும் பயிலுநரின் கொடுப்பனவும் அதற்குக் கீழே போகக்கூடாது. உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் நேர்முகம் கொடுக்கத் தடுமாறுகிறார்கள். அதற்கான பயிற்சியை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குவது நல்லது.

காலம் பற்றியும் ஒரு சொல். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957 இல் தொடங்கியபோதே படிப்பையும் வேலையையும் மாறி மாறி வைத்தது. பிரித்தானியாவில் மூன்றாண்டுப் பட்டத்தின் நடுவே ஓராண்டு வேலைக்குப் போய்வரும் முறை பல இடங்களில் உண்டு. ஆனால் அங்கே பிள்ளை பதினெட்டு வயதில் பல்கலைக்கழகம் புகுகிறது. இங்கே உயர்தரப் பெறுபேறு, வெட்டுப்புள்ளி, அனுமதி என்று காத்திருந்தே இருபதைக் கடந்துவிடுகிறது. ஆகவே பயிற்சிக்காக ஐந்தாவது ஆண்டொன்றைச் சேர்க்காமல், நான்காண்டுக்குள்ளேயே, புள்ளி வழங்கும் பாடமாக அதை அமைக்க வேண்டுகிறோம்.

இவை குறித்து நேரில் பேச எமது பிரதிநிதிகளுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், அக்கூட்டத்துக்கு மாகாணத் திணைக்களங்களின் தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களையும் அழைக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பயிற்சி அணிக்கு இடம் தேடத் தொடங்குமுன் அந்த நாள் அமைந்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் அங்கத்தவர்கள்