95-ஆ, 97-ஆ? எண்ணை விட எண்ணம் முக்கியம்

2025 செப்டம்பர் 30 முதல் மலேசியர்கள் எண்ணெய் நிலையத்தில் அடையாள அட்டையை நீட்டிப் பெட்ரோல் ஊற்றத் தொடங்கினார்கள். 'புடி95' என்ற பெயரில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்த அந்தத் திட்டத்தில், செல்லுபடியாகும் வாகனமோட்டும் உரிமம் உள்ள குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு. தொடக்கத்தில் ஒருவருக்கு மாதம் 300 லிட்டர் வரை இந்த விலை இருந்தது. அதற்கு மேல் ஊற்றினாலோ, வெளிநாட்டவராக இருந்தாலோ, தொடக்க விலையாக 2 வெள்ளி 60 காசு. பக்கத்துக் குழாயில் இருக்கும் ரோன்97-க்கு மானியம் கிடையாது. அதன் விலை உலகச் சந்தையைப் பார்த்து வாரந்தோறும் மாறும்.

விலை இப்படிப் பிரிந்தபின் ஒரு பழைய கேள்வி பல வீடுகளில் புதிதாக எழுந்திருக்கிறது. "நம்முடையது டர்போ வண்டி. 95 ஊற்றினால் இஞ்சின் கெட்டுப்போகுமா? 97 ஊற்றினால் அதிக தூரம் ஓடுமா?" மாதச் செலவில் நூறு வெள்ளிக்கு மேல் வித்தியாசம் வரக்கூடிய கேள்வி இது. பேராக் மாநிலத்தில் இதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. புரோட்டோன் நிறுவனத்தின் எக்ஸ்70, எக்ஸ்50 ஆகிய டர்போ எஸ்யூவி வண்டிகள் நம் தஞ்சோங் மாலிமில்தான் பொருத்தப்படுகின்றன.

ஆக்டேன் என்றால் என்ன?

பலர் நினைப்பதுபோல் ஆக்டேன் எண் பெட்ரோலின் 'சக்தி' அல்ல. அழுத்தத்தையும் வெப்பத்தையும் அந்தப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. சோதனைச் சாலையில் இரண்டு திரவங்களை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஐசோ-ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0. ரோன்95 என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவு தாங்குமோ அந்த அளவு இந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள்.

எதைத் தாங்க வேண்டும்? சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து அழுத்தப்படுகின்றன. சரியான நொடியில் பிளக் பொறி விட, தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். தீ வந்து சேருமுன், மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை வெப்பம் தாங்காமல் தானாகவே வெடித்தால், அதுதான் 'நாக்கிங்'. இஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். நீண்ட நாள் தொடர்ந்தால் பிஸ்டன் சேதமாகும். ஆக்டேன் எண் கூடக்கூட இந்த முன்கூட்டிய வெடிப்பு குறைகிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு சமன்பாட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். ஓட்டோ சுழற்சியில் அழுத்த விகிதம் 8 என்றால் கோட்பாட்டுத் திறன் சுமார் 56 விழுக்காடு. அதையே 10 ஆக்கினால் சுமார் 60 விழுக்காடு. உண்மை இஞ்சினில் இதைவிட மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆனால் போக்கு ஒன்றே: அதிகம் அழுத்தினால் அதிகத் திறன். அழுத்தம் கூடினால் நாக்கிங் அபாயமும் கூடும். அதனால்தான் அதிக அழுத்தத்தில் வேலை செய்யும் இஞ்சினுக்கு அதிக ஆக்டேன் தேவைப்படுகிறது. அதிக ஆக்டேனை ஊற்றிவிட்டால் சாதாரண இஞ்சினின் அழுத்த விகிதம் உயர்ந்துவிடாது.

டர்போ ஏன் சந்தேகத்தைக் கிளப்புகிறது?

டர்போ, வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு விசிறியைச் சுழற்றி, காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. இதனால் 1.5 லிட்டர் இஞ்சின் 2 லிட்டர் இஞ்சின்போல் இழுக்கும். நம் நாட்டில் சாலை வரி இஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது என்பதால் சிறிய டர்போ இஞ்சினுக்கு வரவேற்பு அதிகம். 2021 மார்ச்சில் அறிமுகமான பெரோடுவா அதிவாவில் இருப்பது 1 லிட்டர் டர்போதான்.

அழுத்தப்பட்ட காற்று சூடாகும். நம் ஊர் வெயிலில் உள்ளே போகும் காற்றே சூடாகத்தான் இருக்கிறது. ஐந்து பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும்போது டர்போ முழு வேகத்தில் வேலை செய்யும். நாக்கிங் வர வாய்ப்புள்ள நேரம் அதுதான்.

ஆனால் இன்றைய இஞ்சின்களில் நாக்கிங்கைக் கேட்கும் உணரி ஒன்று இருக்கிறது. அது ஆபத்தை உணர்ந்தவுடன், பொறி விடும் நேரத்தைக் கணினி சற்றுத் தள்ளிப்போடும். இஞ்சின் காப்பாற்றப்படும். அதற்கு விலையாக அந்த நேரத்தில் கொஞ்சம் இழுவையும் கொஞ்சம் சிக்கனமும் குறையும். ரோன்97 ஊற்றினால் அந்தக் கணினி அவ்வளவு தள்ளிப்போட வேண்டியிருக்காது. ஆகவே மலையேற்றத்தில் சில வண்டிகளில் 97-ஆல் சிறிய நன்மை உண்டு என்பது பொய்யல்ல. ஈப்போ நகரத்துச் சாலையில் பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வரும் வண்டிக்கு அந்த நன்மை தெரியவே தெரியாது.

எதை ஊற்றுவது என்பதைத் தீர்மானிப்பது தயாரிப்பாளரின் கையேடு. எண்ணெய்த் தொட்டி மூடியின் உள்பக்கத்திலும் பெரும்பாலும் எழுதியிருக்கும். குறைந்தபட்சம் 95 என்று இருந்தால் 95 போதும். 97 அல்லது அதற்கு மேல் கட்டாயம் என்றிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். சில உயர்ரக ஐரோப்பிய வண்டிகளுக்கு அது பொருந்தும். 'பரிந்துரை' என்றும் 'கட்டாயம்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. அவற்றைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

இணையத்தில் அமெரிக்கக் காணொளி பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே 87, 91, 93 என்று எழுதியிருப்பது வேறு அளவுமுறை. இரண்டு சோதனைகளின் சராசரியை அவர்கள் போடுகிறார்கள். அங்கத்திய 87, நம் கணக்கில் சுமார் 91 அல்லது 92. அங்கத்திய 91, ஏறக்குறைய நம் 95. "அமெரிக்காவில் 91 போதுமாம்" என்று கேட்டுவிட்டு நம் ஊர் எண்ணோடு நேராக ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஈப்போவில் வீடு, கம்பாரில் படிப்போ வேலையோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழி 40 கிலோமீட்டர், மாதம் 20 நாள். மொத்தம் 1,600 கிலோமீட்டர். டர்போ எஸ்யூவி 100 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் குடித்தால் மாதம் 120 லிட்டர்.

மானிய விலை ரோன்95: 238 வெள்ளி 80 காசு.
மானியம் இல்லாத ரோன்95, 2 வெள்ளி 60 காசு விலையில்: 312 வெள்ளி.
ரோன்97, லிட்டர் 3 வெள்ளி 20 காசு என்று கொண்டால்: 384 வெள்ளி.

95-க்கும் 97-க்கும் மாதம் 145 வெள்ளி 20 காசு வித்தியாசம். ஆண்டுக்கு 1,742 வெள்ளி 40 காசு. விலை மாறும்போது இன்றைய எண்ணைப் போட்டு நீங்களே கணக்கிடலாம்.

இந்தக் கூடுதல் செலவை 97 சிக்கனத்தால் திருப்பித் தர வேண்டுமானால், அதே 1,600 கிலோமீட்டரை 74.6 லிட்டரில் ஓட வேண்டும். அதாவது 100 கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் குடித்த வண்டி 4.7 லிட்டரில் ஓட வேண்டும். எந்தப் பெட்ரோலும் அதைச் செய்யாது. ஒரு லிட்டர் 95-இலும் ஒரு லிட்டர் 97-இலும் அடங்கியிருக்கும் வெப்ப ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே.

ஆக்டேன் வேறு, ஆற்றல் வேறு என்பதற்கு இந்தியாவிலிருந்து ஒரு சான்று. அங்கே பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த 'இ20' நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். ஆனால் ஒரு லிட்டரில் அதன் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வடிவமைப்புள்ள கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இலேயே மதிப்பிட்டது. 2025-இல் தமிழ்நாடு உட்பட இந்திய வாகன உரிமையாளர்கள் இதைப் பற்றித்தான் காரசாரமாக விவாதித்தார்கள். ஆக்டேன் ஏறுகிறது, ஓடும் தூரம் குறைகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சிக்கனம் எங்கே இருக்கிறது?

வலது காலில் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நெடுஞ்சாலையில் 90-இல் போவதற்குப் பதில் 110-இல் போனால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. உயரமான, அகலமான எஸ்யூவிக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும். டர்போ வண்டியில் மிதியை அழுத்தும்போதெல்லாம் அழுத்திய காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் உள்ளே போகிறது. சிறிய இஞ்சின் என்பதால் எப்போதும் குறைவாகக் குடிக்கும் என்று நினைக்கக்கூடாது.

டயரில் காற்று குறைந்திருப்பது, வேண்டாத சுமையைப் பின்னால் வைத்திருப்பது, பள்ளி வாசலில் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் காத்திருப்பது எல்லாம் செலவுதான். விளம்பரத்தில் வரும் அளவு சோதனைக் கூடத்தில் எடுக்கப்பட்டது. உங்கள் வண்டியின் உண்மை தெரிய வேண்டுமா? தொட்டியை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை மீண்டும் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். மூன்று நான்கு முறை செய்து சராசரி எடுத்தால் அதுவே உங்கள் சொந்த ஆய்வு.

மானியம் யாருக்குப் போகிறது?

இது வண்டியோடு முடிகிற விஷயமல்ல. 2009 செப்டம்பர் 1-இல் ரோன்92-க்குப் பதிலாக ரோன்95 வந்தது. 2014 டிசம்பரில் மானியம் நீக்கப்பட்டு விலை சந்தையோடு மிதந்தது. பிறகு மீண்டும் கட்டுப்பாடு வந்து, 2021 பிப்ரவரி முதல் 2 வெள்ளி 5 காசில் நின்றது. அந்த விலை பணக்காரருக்கும் ஏழைக்கும் வெளிநாட்டவருக்கும் ஒன்றாகவே இருந்தது. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் மானியம் மாற்றப்பட்டு, விலை ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசானது. அந்த அதிர்ச்சியோடு ஒப்பிட்டால் புடி95 மென்மையான மாற்றம். பெரும்பாலோருக்கு விலை 6 காசு குறைந்தது.

ஆனால் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 2 வெள்ளி 60 காசு உண்மை விலை என்றால், ஒரு லிட்டருக்கு அரசு தருவது 61 காசு. மேலே சொன்ன எஸ்யூவி குடும்பத்துக்கு மாதம் 73 வெள்ளி 20 காசு உதவி. அதே தூரத்தை 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர் குடிக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடும் இளைஞருக்கு 19 வெள்ளி 52 காசு. தொடக்க வரம்பான 300 லிட்டரையும் தீர்த்தவருக்கு 183 வெள்ளி. உரிமமும் வண்டியும் இல்லாத தோட்டத்துப் பாட்டிக்கு நேரடியாக ஒன்றுமில்லை. லிட்டர் கணக்கில் தரும் மானியம், அதிகம் எரிப்பவருக்கே அதிகம் போய்ச் சேரும்.

1877-இல் சர் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். பின்னாளில் உலகக் கார்களுக்கு டயர் தந்த மரங்களில் பால் வெட்டியவர்கள் நம் முன்னோர். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமான்களாயின. லயத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகளுக்கு இன்று தொழிற்சாலையும் கல்லூரியும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு 2010 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அந்த ரயில் நிலையத்துக்கு வர மோட்டார் சைக்கிள் வேண்டும். இவர்களுக்குப் பெட்ரோல் ஆடம்பரமல்ல. ஆகவே மானியத்தை எடுத்துவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

அதே நேரத்தில் தொடக்க வரம்பான 300 லிட்டர் என்பது மேலே சொன்ன எஸ்யூவியில் 4,000 கிலோமீட்டர் ஓடப் போதும். வாடகை ஓட்டுநர்களுக்கு ஏற்கெனவே தனியான கூடுதல் ஒதுக்கீடு இருக்கும்போது, சாதாரணக் குடும்பத்துக்கு இவ்வளவு வரம்பு தேவையா என்று கேட்பதில் தவறில்லை. வரம்பைச் சற்றுக் குறைத்து, அந்தப் பணத்தைத் தோட்டப்புறங்களுக்கும் சிறு பட்டணங்களுக்கும் நேரம் தவறாத பேருந்தாக மாற்றினால், வண்டி இல்லாதவருக்கும் பங்கு கிடைக்கும். என் பார்வையில் அதுவே நியாயமான அடுத்த படி.

அடுத்த முறை வீட்டில் யாராவது "டர்போ வண்டிக்கு 97தான் நல்லது" என்றால், முதலில் தொட்டி மூடியைத் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 95 போதும் என்றிருந்தால் மாதம் மிஞ்சும் 145 வெள்ளி ஒரு மாணவரின் புத்தகச் செலவு. ஐந்தாம் படிவ வேதியியலும் கொஞ்சம் பெருக்கலும் தெரிந்தால் போதும், அந்தப் பேச்சை நீங்களே முடித்துவைக்கலாம்.