கேள்வித்தாளைத் திருத்துவது யார்?

அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் பிஎஸ்ஏடி தேர்வில், 2002 அக்டோபரில் ஒரு வாக்கியம் கேட்கப்பட்டது. 'டோனி மாரிசன்'ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹெர் டு கிரியேட் நாவல்ஸ்' (டோனி மாரிசனின் மேதைமை நாவல்கள் படைக்க அவருக்கு வழிசெய்கிறது) என்று தொடங்கி நீளும் அந்த வாக்கியத்தில் பிழை எங்கே என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் 'பிழை இல்லை' என்று குறிக்கலாம். விடைக்குறிப்பின்படி பிழை இல்லை. மேரிலாந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் இதை ஏற்கவில்லை. 'ஹெர்' என்ற பிரதிப்பெயர் சுட்டுவது எழுத்தாளர் மாரிசனை. ஆனால் வாக்கியத்தில் இருப்பது 'மாரிசனின்' என்ற உடைமை வடிவம்தான். அதைப் பிரதிப்பெயர் சுட்டக் கூடாது என்று சில இலக்கணக் கையேடுகள் சொல்கின்றன. தேர்வு நடத்தியவர்கள் முதலில் மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2003இல் அந்தக் கேள்வியையே நீக்கி, மதிப்பெண்களைத் திரும்பக் கணக்கிட்டார்கள்.

அந்த விதி சரியானதா என்றால், என்னைக் கேட்டால் இல்லை. நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் அதை நாள்தோறும் மீறுகிறார்கள், படிப்பவருக்கு எந்தக் குழப்பமும் வருவதில்லை. மொழியியலாளர்கள் பலரும் அப்போது இதைத்தான் சொன்னார்கள். ஆனாலும் கேள்வியை நீக்கியது நியாயமே. கையேட்டைக் கரைத்துக் குடித்த மாணவர் 'ஹெர்' தவறு என்று குறித்திருப்பார். அந்த விதியைக் கேள்விப்பட்டே இராதவர் 'பிழை இல்லை' என்று குறித்து மதிப்பெண் வாங்கியிருப்பார். கூடுதலாகப் படித்தவரைத் தண்டிக்கிற கேள்வி எதை அளக்கிறது? இலக்கணம் கணக்கல்ல, அறிஞர்களே முட்டிக்கொள்ளும் இடங்கள் அதில் நிறைய. ஒற்றை விடை கேட்கும் தேர்வு அந்த இடங்களில் கால் வைக்கவே கூடாது. ஒரு கேள்வியால் என்ன ஆகிவிடும் என்பார்கள். அந்தத் தேர்வு நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கான முதல் வடிகட்டலும்கூட. கட்‑ஆஃப் ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு கேள்வியே எல்லாம்.

கணக்கிலும் சறுக்கல் நடக்கத்தான் செய்கிறது. இரண்டு பிரமிடுகளை ஒட்டினால் வெளியே எத்தனை முகங்கள் தெரியும் என்று 1980 பிஎஸ்ஏடியில் கேட்டார்கள். விடைக்குறிப்பு ஏழு என்றது, ஃபுளோரிடா மாணவர் ஒருவர் ஐந்து என்றார். அவர் சொன்னதே சரி. இரண்டு பிழைகளையும் கண்டவர்கள் வெளியாட்கள். அவர்களால் முடிந்ததற்குக் காரணம், கேள்வியும் விடையும் அவர்கள் கைக்கு வந்ததுதான்.

வெளிநாடு செல்ல நம் ஊர்ப் பிள்ளைகள் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டி எழுதும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் அந்த வழி இல்லை. காசு கட்டி மறுமதிப்பீடு கேட்டால் அவர்களின் விடைகளைத்தான் மறுபடி திருத்துவார்கள். கேள்வித்தாள் கைக்கு வராது. கேள்விகளை வெளியிட்டால் மறுபடி பயன்படுத்த முடியாது, புதிதாகத் தயாரிக்கச் செலவாகும் என்று தேர்வு நடத்துபவர்கள் தரப்பில் சொல்லலாம். செலவாகும் என்பது உண்மைதான். அதற்காக ஒருவர் எழுதிய தாளை அவரிடமிருந்து என்றைக்கும் பூட்டி வைக்கத் தேவையில்லை. இனிப் பயன்படுத்தப்போவதில்லை என்று ஒதுக்கிய பிறகாவது அந்தக் கேள்விகளை விடையோடு அவருக்குக் காட்டலாம். நம் அரசுத் தேர்வாணையமான டிஎன்பிஎஸ்சி உத்தேச விடைகளை வெளியிட்டு, ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் கொடுக்கிறது. அதற்கும் வழக்குகள் வருகின்றன, முடிவு தாமதமாகிறது. ஆனால் அங்கே தவறான விடைக்குறிப்பை எதிர்த்துக் கேட்கத் தேர்வருக்கு ஒரு வாசல் இருக்கிறது.