"டாக்டர் கெட்ட வார்த்தை பேசிட்டாங்க"

1/ போன வாரம் பிச்சாவரம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு உடல்நலம் பத்திப் பேசினேன். நடுவுல 'வஜைனா'ன்னு ஒரு தடவை சொன்னேன். சாயந்திரமே ஃபோன். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைங்க முன்னாடி கெட்ட வார்த்தை பேசிட்டீங்கன்னு பேரன்ட்ஸ் சொல்றாங்க." தப்பாதான் எடுத்துக்கிட்டேன். அதான் இந்தத் த்ரெட்.

2/ அதே கூட்டத்துல மைக் நின்னுபோனதும் ஒரு ஆசிரியர் 'ஓ ஷிட்'ன்னார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. அது மலம்ங்க! நம்ம ஊர்ல 'அடடா'வுக்குப் பதிலா ஓடுது. நிஜமான வசவு சாதாரண வார்த்தை ஆயிடுச்சு. உடம்போட ஒரு பாகத்துக்கு உள்ள மருத்துவப் பெயர் கெட்ட வார்த்தையாம்.

3/ தமிழ்ல சொல்லலாமேன்னு கேப்பீங்க. தெருவுல இருக்கிற சொல் எல்லாம் வசவாயிடுச்சு. புத்தகத்துல இருக்கிறது 'பிறப்புறுப்பு'. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். வெளியிலயா, உள்ளேயான்னு அதுல தெரியாது. 'யோனி'ன்னா பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேர் அதுக்கும் ஃபோன் பண்ணுவாங்க.

4/ கூச்சம் வந்தா இங்கிலீஷ்ல ஒளிஞ்சுக்கிறது நம்ம வழக்கம். 'மோஷன் போகல', 'யூரின் கடுக்குது', 'பீரியட்ஸ் தள்ளிப்போச்சு'. எல்லாம் நாகரிகம். இந்த ஒரு உறுப்புக்கு மட்டும் அந்தக் கதவும் சாத்தியிருக்கு.

5/ விளைவு என் டேபிளுக்கு வருது. கிள்ளைப் பக்கம் உப்பங்கழியில மணிக்கணக்கா நின்னு கையால தடவி இறால் பிடிக்கிற ஒரு அக்கா வந்தாங்க. முதல் தடவை 'வயித்து வலி'. அடுத்த தடவை 'இடுப்பு வலி'. நானும் மாத்திரை எழுதினேன். மூணாவது தடவை மருமகளை வெளியே அனுப்பிட்டு, 'அங்க' என்றார்கள். புண். நாலு மாசமா. நேரா பேர் சொல்லிக் கேக்காதது என் தப்பு. படிச்ச டீச்சருங்களும் இதே 'அங்க'தான்.

6/ 30 வயசு தாண்டின பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை இலவசம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் விட்டுப் பார்ப்பாங்க. வெள்ளையா மாறினா அடுத்த பரிசோதனை. சீக்கிரம் பிடிச்சா குணப்படுத்தலாம். ஆனா எங்க பார்க்கப்போறோம்னே சொல்ல முடியலன்னா யார் வந்து படுப்பாங்க?

7/ குழந்தைக்கு மூக்கு, காது, தொப்புள் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோம். அதுக்குக் கீழ வந்தா 'ஷேம் ஷேம்'. பேரே அவமானம். நாளைக்கு யாராவது தொட்டுட்டா அந்தக் குழந்தை என்னன்னு சொல்லும்?

8/ 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தோட 3-ஆவது பிரிவைப் படிங்க. நான் சொன்ன அதே சொல், ஆணுறுப்போட பெயர், ரெண்டும் இங்கிலீஷ்ல அப்படியே அச்சாகியிருக்கு. நாடாளுமன்றம் கெட்ட வார்த்தை பேசிடுச்சா? சட்டத்துக்கு வேண்டிய சொல், யாரைக் காக்க அந்தச் சட்டமோ அந்தக் குழந்தைக்கு வேண்டாமா?

9/ 'பேசினா கெட்டுப்போவாங்க'ங்கிறது பழைய பாட்டு. 1986-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவோட முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. 'நம்ம ஊர்ல அதெல்லாம் வராது'ன்னு நம்பின காலம். பிறகு இதே தமிழ்நாட்டுல 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?'ன்னு ஊரெல்லாம் விளம்பரம் வச்சாங்க. சிரிச்சோம், கிண்டல் பண்ணோம், ஆனா பேசினோம். யாரும் கெட்டுப்போயிடல.

10/ இடம் பார்த்துப் பேசணும்னா ஒத்துக்கிறேன். பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் ஒரு பெண்ணைப் பார்த்து இதே சொல்லைக் கத்தினா அது வசவுதான். ஒரு சொல் கெட்டுப்போறது அர்த்தத்தால இல்ல, அடுத்தவங்க மேல எறியறதால. 'நாய்'னு கூடத்தான் திட்டுறாங்க. அதுக்காக நாய்க்கடிச் சீட்டுல 'அந்தப் பிராணி கடித்தது'ன்னா எழுதறேன்?

11/ கூட்டம் முடிஞ்சதும் ஒரு பொண்ணு தனியா வந்து கேட்டா: "மேம், அந்த இடத்துல அரிச்சா யார்கிட்ட சொல்லணும்?" "அம்மாகிட்ட சொல்லும்மா"ன்னு சொல்லிட்டு வந்தேன். அம்மாக்களே, அவ வந்து சொல்லும்போது 'ச்சீ'ன்னு சொல்லிடாதீங்க. அவ்வளவுதான் கேக்கறேன்.

12/ திரும்பக் கூப்பிட்டா போவேன். அதே சொல்லைத்தான் சொல்வேன்.