ஜீப்புக்கு ஜலதோஷம்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என்று வளைந்து வளைந்து வருகிற ரோடு, 'இனிமே என்னால முடியாதுப்பா' என்று உட்கார்ந்துவிடுகிற ஊர் கிளாவரை. பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் விளையும். கூடவே, ஒழுகுகிற ஜீப்புகளும்!

என் தாய்மாமா வைத்திருப்பது பழைய மஹிந்திரா. வில்லிஸ் ஜீப்பை அந்தக் கம்பெனி 1947-ல் இங்கே பூட்ட ஆரம்பித்தது. மாமா வண்டி அத்தனை கிழம் இல்லை. குணம் மட்டும் அதே. ராத்திரி நின்ற இடத்தில் காலையில் புள்ளிக் கோலம்!

"சொட்டுச்சுன்னா உள்ளே ஆயில் இருக்குன்னு அர்த்தம் மாப்ளே!" என்பார்.

பி.காம். படித்தவனுக்கு இது ஒத்துக்கொள்ளுமா? எந்தச் சொட்டு எந்தக் கணக்கில் செலவு என்று தெரிய வேண்டாமா? எஞ்சின் ஆயில் கறுப்பு. கியர் ஆயில் கந்தக நாற்றம் அடிக்கும். பிரேக் ஆயிலோ என்று சந்தேகம் வந்தால், தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். மிதந்தால் எண்ணெய். கரைந்தால் பிரேக் ஆயில்... வண்டியை எடுக்காதீர்கள், ஸார்! பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பைப் லைன். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலும் அவுட். (அமெரிக்காவில் 1968-லேயே புதுக் கார்களுக்கு ரெண்டு லைன் கட்டாயமாகிவிட்டது.)

பேரில்தான் ஆயில், நிஜத்தில் அது எண்ணெயே இல்லை. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால், உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் பாலில் போட்ட பன் மாதிரி ஊதிவிடும். போதாததற்கு, அது காற்றிலிருக்கிற ஈரத்தையும் குடிக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்தபின் 140-லேயே கொதிக்கலாம். கொதித்து ஆவியானால் பெடல் தலையணை மாதிரி அமுங்கும். கிளாவரை மூடுபனியில் ஈரத்துக்கா பஞ்சம்?

மாமா வண்டியின் வலது பின்சக்கர லைனிங்கில் கியர் ஆயில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரே வருஷத்தில் மூணு ஆயில் சீல் மாற்றியாச்சு. ஒவ்வொரு தடவையும் மெக்கானிக், "சீல் டூப்ளிகேட்டுண்ணே!" என்று கடைக்காரரைத் திட்டினார். கடைசியில் பூண்டு ஏற்ற வந்த ஒரு லாரி டிரைவர், சக்கரத்தைத் தொடவே இல்லை. ஆக்ஸில் மேலே இருந்த சின்ன ஓட்டையில் கம்பியை விட்டுக் குடைந்தார். சேறு! ஆக்ஸில் சூடானால் உள்ளே காற்று விரியும். அது வெளியேறும் மூக்கை அடைத்துவிட்டால், சீலைத் தாண்டி ஆயிலைத் தள்ளும். வைத்தியச் செலவு ஒரு முழம் கம்பி! ஆயில் குடித்த லைனிங்குக்குத்தான் தனிச் செலவு.

டிரம்மைக் கழற்றியதில் வீல் சிலிண்டரும் கசிவது தெரிந்தது. கிட் மாற்றி, ஏர் எடுக்கும் படலம். பெடலில் நான்.

"மிதி... மிதி... புடி!"

"புடிச்சுட்டேன்!"

மேலே டப்பாவில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொள்ளும் டூட்டி மாமாவுக்கு. அவர் கேரட் விலை பேசப் போய்விட்டார். டப்பா காலி, உள்ளே மறுபடி காற்று. முதலிலிருந்து மிதி! சாயங்காலம் எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பெடல் கல் மாதிரி நின்றது.

மாமா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிரேக் கும்முனு புடிக்குது மாப்ளே! இனிமே மன்னவனூர் இறக்கத்துல நியூட்ரல்லயே வந்துரலாம். டீசல் மிச்சம்!"

ஸ்கூல் பிள்ளைகளும் பிரசவத்துக்குப் போகிற பெண்களும் ஏறுகிற வண்டி. சாவியை வாங்கி அத்தையிடம் கொடுத்தேன். ஏறின கியரிலேயே இறங்குவதாக மாமா சத்தியம் பண்ணுகிறவரை, அது அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு கிடந்தது.